கேட்டது கேட்டபடி

ஹெட்ஃபோன் வாங்கப் போனவள் பேயை வாங்கி வந்த கதை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். அவருக்கென்ன, அவர் காதில் எதுவும் விழவில்லை.

முதல் தடவை அந்தக் கடைக்குப் போனபோது எனக்கு இருந்தது எரிச்சல் மட்டும்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம், அதில் முதல் மாடி. பகல் பதினொரு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள். ஈரச் சுவரின் வாடையும் புது பிளாஸ்டிக்கின் வாடையும் கலந்து அடித்தது. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பாட்டு கேக்கவா, மீட்டிங்குக்கா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. லேப்டாப்புல போட்டுக் கேட்டு டைப் பண்ணணும்."

என் பிழைப்பே அதுதான். விசாரணைகளில் பதிவான பேச்சை ஒலிக்கோப்பாக அனுப்புவார்கள். காலடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைக் கேட்டபடி அடிக்க வேண்டும். இருமினால் இருமல், மூக்கை உறிஞ்சினால் அதுவும், பக்கத்தில் எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்பு. புரியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று போடலாம். ஒரு கோப்பில் ஐந்து 'தெளிவில்லை'க்கு மேல் வந்தால் அது திரும்பி வரும். என் பழைய இயர்போனில் இடது பக்கம் செத்துப்போனதால் இரண்டு கோப்புகள் ஏற்கெனவே திரும்பிவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் இனி வேலை கிடையாது என்று அலுவலகத்தில் சரிபார்க்கிற அம்மாள் சொல்லிவிட்டார். நான் எழுதுவதையெல்லாம் வெட்டிக்கொண்டே இருப்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

அந்த மூன்றாவது கோப்பு ஒரு லிஃப்ட் சாவு. ஓர் அலுவலகக் கட்டடத்தில் கண்ணாடி துடைக்க வந்தவர் சனிக்கிழமை மதியம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். காவலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமைதான் திறந்தார்கள். ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு உள்ளவர் என்று மருத்துவர் எழுதியிருந்தார். பதிவின் தொடக்கத்தில் இறந்தவரின் அக்கா பேசுகிறார், ஒரே ஒரு வாக்கியம்.

"என் தம்பி கூப்பிட்டானா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அத்தோடு அவரை வெளியே உட்காரச் சொல்லிவிடுகிறார்கள். மீதி ஒரு மணி நேரமும் விசாரணை அதிகாரியும் காவலாளியும் மட்டும்தான்.

முதலில் வாங்கியது ப்ளூடூத் ஹெட்ஃபோன். வயர் இல்லை, தொல்லை இல்லை என்றார் கடைக்காரர். தொல்லை அதில்தான் ஆரம்பித்தது. நான் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அது அரை நொடி பேசியது. காவலாளி நின்றுவிட்டார், ஆனால் ஏதோ ஒரு சொல் பின்னால் வந்தது. ஒவ்வொரு முறையும். மறுநாள் பெட்டியோடு போய் நின்றேன்.

"ப்ளூடூத்னா கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும் மேடம். உங்க வேலைக்கு வயர்தான் சரி."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே."

இரண்டாவது, வயர் வைத்தது. தலையைக் கிடுக்கி மாதிரிப் பிடித்தது, காது இரண்டும் வெந்தன. இருந்தாலும் சத்தம் சுத்தமாக இருந்தது. "உள்ள இருந்து ஒரு சத்தமும் வரல சார்" என்றார் காவலாளி. காலை எடுத்தேன்.

இடது காதில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

வயரில் பின்தங்கல் கிடையாது. லேப்டாப்பைப் பார்த்தேன், கோப்பு நின்றிருந்தது. வயரைப் பிடுங்கினேன், மூச்சு நின்றது. திரும்பச் செருகினேன். எனக்காகவே காத்திருந்தது போல மறுபடியும் கேட்டது.

நான் பயப்படவில்லை. இரண்டு நாள் வீண், கோப்பில் பத்து நிமிடம்கூட முடியவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாவது தடவையாகப் படியேறினேன். கடைக்காரர் தன் லேப்டாப்பில் செருகிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

"நான் நிறுத்தின பிறகும் சத்தம் வருதுங்க."

"அப்ப அது வெளிச் சத்தம். இதைப் போட்டுப் பாருங்க, வெளிச் சத்தம் மொத்தத்தையும் அடைச்சிரும். இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மூன்றாவதை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி காணாமல் போனது. ஃப்ரிட்ஜ் காணாமல் போனது. தெருவும் போனது. லிஃப்ட் கதவு மூடும்போது காதடைக்குமே, அப்படி இருந்தது. நான் இன்னும் மிதியை அழுத்தவே இல்லை.

தட். தட். தட்.

தகரத்தில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். கூடவே மசகெண்ணெய் வாடை. ஹெட்ஃபோனில் வாடை வருமா என்று யாரைப் போய்க் கேட்பது? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனால் அடுத்த நாள் மதியம் கோப்பு போயாக வேண்டும். மிதியை அழுத்தினேன்.

"அணைக்கிறதுக்கு முன்னால யாராவது இருக்கீங்களான்னு குரல் குடுத்தேன் சார்" என்றார் காவலாளி.

"குடுக்கல" என்றது இடது காது.

"பதில் வரல சார்."

"கூப்பிட்டேன்."

என் விரல்கள் அடித்துக்கொண்டே போயின. ஒன்பது வருடப் பழக்கம், கேட்டால் அடிக்கும். முடித்துவிட்டு எண்ணினால் காவலாளிக்கும் அதிகாரிக்கும் நடுவே நாற்பத்தொரு வரிகள், பேசுகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக. கோப்பில் ஒரு 'தெளிவில்லை'கூட இல்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவரை இழுத்து உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடம் கேட்டார்.

"ரெண்டு பேர்தான் பேசுறாங்க."

"இடது காதுல கவனிங்க."

"அம்மா தாயே, இது ஒரே மைக்குல பதிஞ்சது. ரெண்டு காதுலயும் ஒண்ணுதான் கேக்கும். இடதுல மட்டும் எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

காது டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்கு ஊமை கண்ட கனவு நிலைமை. கோப்பை அப்படியே அனுப்பினேன். மூன்று மணிக்குக் கத்தரிக்கோல் கூப்பிட்டார்.

"யாரு இந்தப் பேரில்லாத ஆளு? நானும் கேட்டேன், அப்படி ஒரு குரலே இல்ல."

"எனக்குக் கேட்டுச்சு மேடம்."

"நாலு மணிக்குள்ள அந்த வரியெல்லாம் எடுத்துட்டு அனுப்புங்க. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடறேன். உங்களுக்கு இதோட சரி."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. ஹெட்ஃபோனை மாட்டினேன். கோப்பைத் திறக்கவில்லை, மிதியைத் தொடவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றேன், காலி அறையைப் பார்த்து.



இடது காதுக்கு மிக அருகில், மூச்சு முட்டுகிற குரலில், "எழுதுங்க."

அந்த அக்காவின் வாக்கியம் திரையின் முதல் பக்கத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் கீழே இறங்கினேன். நாற்பத்தொரு வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றை அழிக்கும்போதும் இடது பக்கம் ஒரு தட்டல் கேட்டது, வரவர மெதுவாக. கடைசி வரிக்குத் தட்டல் இல்லை. கோப்பின் அடியில் வழக்கம்போல 'கேட்டது கேட்டபடி' என்று போட்டு என் கையொப்பத்தைச் சேர்த்தேன். ஒன்பது வருடத்தில் நான் போட்ட முதல் பொய்க் கையொப்பம் அது. வெட்கமாக இருந்தது. அதைவிட, வேலை தப்பித்ததே என்று நிம்மதியாக இருந்தது. ஹெட்ஃபோனைப் பெட்டியில் வைத்து, பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இன்று காலை பத்தரை மணிக்குக் கத்தரிக்கோல் மறுபடி கூப்பிட்டார். எப்போதும் அதட்டுகிறவர், ரகசியம் போலப் பேசினார்.

"அந்த வரியெல்லாம் எடுக்கச் சொன்னேன்ல?"

"எடுத்துட்டேன் மேடம்."

"நானும் பாத்தேன், இல்லாமத்தான் இருந்துச்சு. இப்ப எல்லாம் அப்படியே இருக்கு. அச்சடிச்சு இறந்தவரோட அக்காவுக்கும் போயிடுச்சு. சித்த முன்னாடி ஃபோன் பண்ணாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அழுதாங்க. தம்பி கூப்பிட்டிருக்கான்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "பெரியக்கான்னு அவர் ஒருத்தர்தான் கூப்பிடுவாராம். டைப் பண்ண அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்னு கேட்டாங்க."

நான் அந்தச் சொல்லை அடிக்கவே இல்லை. ஃபோனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பில் கோப்பைத் திறந்தேன். அழித்த நாற்பத்தொரு வரிகளும் இருந்த இடத்தில் இருந்தன. என் கையொப்பத்துக்குக் கீழே நாற்பத்திரண்டாவதாக ஒன்று.

'பெரியக்கா, நான் கூப்பிட்டேன்.'

பதிவு அறுபத்திரண்டாம் நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வரிக்குப் பக்கத்தில் எழுபத்து நான்கு என்று இருந்தது.

"இருக்கீங்களா?" என்றார் கத்தரிக்கோல். ஃபோனை வைத்துவிட்டேன். அக்காவுக்குப் பதில் கிடைத்துவிட்டது, தம்பிக்கும் வேண்டியது அதுதானே, இத்தோடு விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மின்விசிறியை அணைத்துவிட்டுக் காது கொடுத்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் மசகெண்ணெய் வாடை வந்தது.

அலமாரி எனக்கு இடது பக்கம் இருக்கிறது. பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. சாவி என் கையில்தான் இருக்கிறது.

திறக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுபடி பொய் எழுதவும் தைரியம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய வரிக்கு அடியில் நிமிடத்தைக் குறித்து, கேட்டதைக் கேட்டபடி அடித்தேன்.

'75. உள்ளிருந்து மூன்று முறை தட்டும் சத்தம். தெளிவாகக் கேட்கிறது.'