ஆறாம் தேவ இரகசியம்

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மாமாதான் டீ போட்டுக் கொடுத்தார். நான், என் வீட்டுக்காரர் ஜெரால்டு, மாமா. மூன்று பேருக்கு நாலு டம்ளர்.

"இது யாருக்கு மாமா?"

"உங்க அத்தைக்குத்தான். சந்தைக்குப் போயிருக்கா. வெரசா வந்திருவா."

அத்தை சூசையம்மாள் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. நான் ஜெரால்டைப் பார்த்தேன். அவர் அந்த நாலாவது டம்ளரையும் எடுத்துத் தானே குடித்துவிட்டு, "அப்பாவுக்கு அம்மா நெனப்பு," என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வந்த அன்றைக்கே மருமகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

நாயுடுபுரம் மலைச்சரிவில் கல் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும் பழைய வீடு. மதியம் மூன்று மணிக்கே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். அதன்பிறகு உள்ளே ஈரச் சுவரின் வாடையும், மாமா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாடையும்தான். மாமா இருதயசாமி நாற்பது வருடம் உபதேசியாராக இருந்தவர். பங்குச் சாமியார் போக முடியாத நாட்களில் கவுஞ்சி, மன்னவனூர் என்று மலைக்கிராமங்களுக்குப் போய் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூட ஆபீசில் ஜெரால்டுக்கு வேலை கிடைத்ததால், தனியாக இருந்த அவரோடு வந்து சேர்ந்தோம்.

ஒரு மாதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அரிசி டிரம்மைத் திறந்தால் உள்ளே அவருடைய செருப்பு. அடுப்பில் பாத்திரம் இல்லாமல் கேஸ் எரிந்துகொண்டிருக்கும். காட்டுமாடு வரக்கூடாதென்று நான் சங்கிலி போட்ட கேட் திறந்து கிடக்கும். தினமும் நாலு மணிக்கு, மேகத்தைப் பார்த்தபடி அவர் என்னிடம் கேட்பார்.

"ஏத்தா, இது யாரு வீடு?"

"உங்க வீடுதான் மாமா."

"அப்படியா," என்பார். நம்பாத ஒரு மரியாதையோடு தலையாட்டுவார்.

டாக்டரிடம் காட்டலாம் என்று நான் வாயைத் திறந்தது ஒரு சனிக்கிழமை. அன்று அய்யம்பாளையத்தில் இருந்து மதினி ஆக்ஸிலியாவும் வந்திருந்தார். மாமாவின் மூத்த மகள், பள்ளித் தலைமையாசிரியை.

"வந்து முழுசா மூணு மாசம் ஆகல கேத்தரின். எங்கப்பாவப் பைத்தியம்ங்கிறியா?"

"பைத்தியம்னு சொல்லல மதினி. மறதி நோய்னு..."

"வயசானா மறக்கத்தான் செய்யும். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்காரு," என்றார் ஜெரால்டு. அன்றிலிருந்து அதுவே அவருடைய வேதவாக்கு.

அப்புறம் மதினி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வீட்டுல அம்மா நடமாடுறாங்க. சாமானை எடுத்து மாத்தி வைக்கிறது அம்மாதான். அப்பா பாக்கிறாரு, பேசுறாரு. ஒனக்குத்தான் தெரியல."

எப்படி இருக்கிறது பாருங்கள். அப்பாவுக்கு வியாதி என்றால் கேவலம். செத்துப்போன அம்மா பேயாக அலைகிறாள் என்றால் அதில் இவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவர்களுக்கு அசைக்க முடியாத சாட்சி ஒன்று இருந்தது. சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை. மாமா முன்பாதியைச் சொல்ல, நாங்கள் பின்பாதியைச் சொல்வோம். ஆண்டவர் வாழ்விலிருந்து தியானிக்க ஐந்து தேவ இரகசியங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மணி, மணிக்கொரு ஜெபம், முடிவில் மன்றாட்டுமாலை என்னும் நீண்ட வேண்டுதல். பெற்ற பிள்ளையின் பெயர் தடுமாறும் அந்த மனிதருக்கு ஜெபத்தில் மட்டும் ஒரு எழுத்து பிசகாது. "மூளை கெட்டவரு மன்றாட்டுமாலை பூராவும் மனப்பாடமா சொல்லுவாராக்கும்?" என்று மதினி என்னை மடக்குவார்.

அக்டோபரில், மதினி வந்திருந்த ஒரு நாள், அந்தச் சாட்சியும் சாய்ந்தது. ஐந்தாவது முடிந்தது. மன்றாட்டுமாலைக்காகக் காத்திருந்தோம். மாமா அடுத்த மணியைப் பிடித்தார்.

"ஆறாம் தேவ இரகசியம். சூசையம்மா சந்தைக்குப் போனதைத் தியானிப்போமாக."

அப்படி ஒன்று கிடையாது. எந்தக் கத்தோலிக்கக் குழந்தையும் சொல்லும், ஐந்துதான் என்று. நான் கண்ணைத் திறந்தேன். அக்காளும் தம்பியும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முழந்தாளில் இருந்தார்கள். மாமா "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார்.

அவர்கள் பதில் சொன்னார்கள்.

ஏழாவது, ஜெரால்டு காய்ச்சலில் கிடந்தது. எட்டாவது, மன்னவனூர்ப் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. முழந்தாள் மரத்துப்போகும்வரை பதில் சொன்னார்களே தவிர, ஒருவராவது எழுந்து அந்தக் கையைப் பிடித்து, "அப்பா, போதும்ப்பா," என்று சொல்லவில்லை. எழுந்து வந்து மதினி சொன்னார்: "எவ்வளவு பக்தி பாத்தியா."

நானே கடையில் வாங்கி வந்து, வாசல் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் அடித்தேன். கீழே இருப்பதைத்தான் மாமாவின் கை தேடும், மேலே போகாது. மூன்று வாரம் அது காப்பாற்றியது.

நவம்பரில் மதினி சாமியாரை அழைத்து வந்து வீடு மந்திரிக்கச் செய்தார். தீர்த்தம் தெளித்துவிட்டு அந்த இளம் சாமியார், "உபதேசியாரை டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல ஃபாதர்," என்றார் ஜெரால்டு. அன்று நான் பேசியிருக்க வேண்டும்.

சாமியார் போனதும் மதினியின் கண் தாழ்ப்பாள்மேல் போனது. "அப்பாவ மாடு மாதிரி அடைச்சு வைக்கவா? அதான் வீட்ட மந்திரிச்சாச்சே. கழட்டு தம்பி."

தம்பி கழற்றினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா ஒன்பதாம் தேவ இரகசியம்வரை சொல்லி, அப்படியே நாற்காலியில் கண்ணயர்ந்தார். மறுநாள் மதியம் நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து மேகத்துக்குள் போய்விட்டார். ஸ்வெட்டர்கூடப் போடவில்லை. இரண்டு நாள் தேடி, பள்ளத்து ஓடைக்கரையில் கண்டெடுத்தார்கள். முழந்தாளிட்டபடி விறைத்திருந்தார். கையில் ஜெபமாலை. இடது கால் செருப்பு மட்டும் கிடைக்கவில்லை.

"ஜெபத்துலயே போயிருக்காரு. எப்பேர்ப்பட்ட சாவு," என்று ஊர் சொன்னது. போஸ்டரில் மதினி எழுதிக்கொடுத்தார்: 'இறுதிவரை தெளிந்த நினைவோடு வாழ்ந்து ஆண்டவரில் துயில்கொண்டார்.' அதை நாயுடுபுரம் முழுக்க ஒட்டினார்கள். அவர் கையிலிருந்த ஜெபமாலையை அவரோடேயே புதைத்தோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அன்று சாயங்காலம் மூவரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். ஜெரால்டு முன்பாதி சொன்னார். மாமாவின் பிரம்பு நாற்காலி அதன் இடத்திலேயே இருந்தது. வெளியே மேகம். தகரக் கூரையில் நீர் சொட்டும் சத்தம்.

ஐந்தாவது முடிந்தது. ஜெரால்டு மூச்சை இழுத்துக்கொண்டார்.

தைல வாடை வந்தது.

பிரம்பு கிரீச்சிட்டது, ஆள் சரிந்து உட்கார்ந்தால் கிரீச்சிடுவதுபோல.

மணி ஒன்று நகர்ந்து இன்னொரு மணியில் இடித்தது.

"பத்தாம் தேவ இரகசியம்," என்றது மாமாவின் குரல். குளிரில் நடுங்கிய குரல். "இருதயசாமி காணாமல்போனதைத் தியானிப்போமாக."

நாற்காலி காலியாக இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்காளும் தம்பியும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று அது தொடங்கியது.

அவர்கள் பதில் சொன்னார்கள்.

பத்து முறையும் சொன்னார்கள். ஒன்பது என்று விட்ட இடத்திலிருந்து அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். செத்ததுகூட அவருக்கு நினைவில்லை. நினைவிருந்தால் அல்லவா போவதற்கு.

எழுந்ததும் ஜெரால்டு, "இன்னைக்கு ஜெபம் கொஞ்சம் நீண்டுருச்சு," என்றார்.

"மாமா குரல் கேக்கலையா?" என்றேன். "ரெண்டு பேரும் பதில் சொன்னீங்களே. கேக்கலையா?"

மதினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் தம்பியிடம், மிகவும் கனிவாக, "கேத்தரினுக்கு மனசு சரியில்ல. மதுரைல நல்ல டாக்டர் இருக்காரு. காலைல வெள்ளனே கூட்டிட்டுப் போயிரு. இந்த மாதிரி விசயத்தத் தள்ளிப்போடக் கூடாது," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு மாதம் அவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவள் நான். கடைசியில் டாக்டர் எனக்கு வந்து வாய்த்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இரவுச் சோற்றுக்கு அரிசி எடுக்க டிரம்மைத் திறந்தேன்.

உள்ளே இடது கால் செருப்பு.

ஓடைச் சேறு இன்னும் காயவில்லை. சுற்றிலும் அரிசி நனைந்து ஊறியிருந்தது.

அதை எடுத்துப்போய் ஜெரால்டின் முன்னால் வைத்தேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெரால்டு எழுந்து மேஜை இழுப்பறையில் தேடி, கழற்றிப் போட்டிருந்த என் தாழ்ப்பாளையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்குப் போனார். பழைய துளைகளிலேயே ஒவ்வொரு திருகாக முடுக்கினார். அப்பா வெளியே போகாமல் இருக்க அவசியப்படாத தாழ்ப்பாள், அப்பா உள்ளே வராமல் இருக்க அவசியப்பட்டது.

தாழைத் தள்ளிவிட்டு அவர் நெற்றியைத் துடைத்தார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் பிரம்பு கிரீச்சிட்டது.

"ஏத்தா," என்றது குரல். "இது யாரு வீடு?"

தினமும் சொன்ன பதில் என் தொண்டைவரை வந்தது. நான் சொல்லவில்லை. இந்த ஒருமுறை பிள்ளைகள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மதினி காதைப் பொத்திக்கொண்டார். ஜெரால்டு கதவைப் பார்த்தபடியே நின்றார், திரும்பவே இல்லை.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல," என்றார். "நல்லாத்தான் இருக்காரு."