விருந்தினர் யாக்கோபு

மழை தூறிக்கொண்டிருந்த முற்பகலில், தங்கச்சிமடம் கிழக்குத்துறை விசைப்படகுச் சங்கத்தின் கதவைத் திறந்தான் செயலாளர் சகாயவினோத். கருவாட்டு நெடியும் டீசல் வாடையும் வழக்கம்போல முகத்தில் அறைந்தன. லேப்டாப்பில் சங்கத்தின் செயலிக்குள் போய் அன்றைய கூட்டத்தின் அஜெண்டாவைத் திறந்தான்.

அந்தச் செயலியில் அவன் வைத்ததுதான் சட்டம். படகோட்டும் டிரைவர்கள் அதில் வெறும் விருந்தினர்கள். அவன் காட்டுவதை மட்டும்தான் பார்க்க முடியும்.

போன மாதம் சகாயவினோத்தின் சொந்தப் படகின் அடிப்பலகையில் விரிசல் என்று படகு மேஸ்திரி பூமிநாதன் அதில் குறிப்புப் போட்டார். அதைப் பார்த்தால் அந்தப் படகின் டிரைவர் யாக்கோபு கடலுக்குப் போக மாட்டான். சகாயவினோத் அந்தக் குறிப்பை எல்லோரிடமிருந்தும் மறைத்தான். படகு மூழ்கியது. யாக்கோபு கரை சேரவில்லை. குறிப்பைப் பார்த்தும் தெரிந்தேதான் போனான், திமிர் பிடித்தவன் என்று சகாயவினோத் ஊரெல்லாம் சொல்லி வைத்தான். மேஸ்திரியும் நம்பிவிட்டார். இப்படியும் ஒரு பாவி இருப்பானா?

இன்று யாக்கோபின் மனைவி பிரெசில்லா நியாயம் கேட்க வருகிறாள். புருஷன் இறந்தால் செயலியில் அவன் பதிவிலேயே பெண்சாதியைச் சேர்ப்பது சங்கத்து வழக்கம். சகாயவினோத்தும் யோசிக்காமல் யாக்கோபின் பெயருக்கே அழைப்பை அனுப்பியிருந்தான்.

திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது.

‘விருந்தினர் யாக்கோபு பார்த்துக்கொண்டிருக்கிறார்.’

பிரெசில்லா உள்ளே வந்தாள். அதற்குள் போனில் திறந்துவிட்டாயா என்று கேட்டான்.

“இல்லண்ணே. போனு வீட்டுல சார்ஜுல கெடக்கு.”

அவன் சட்டென்று திரைக்குத் திரும்பினான். அந்தப் பெயரை நீக்கினான்.

திரும்ப வந்தது.

மறுபடி நீக்கினான்.

அறையில் உப்புநீரில் ஊறிய மரத்தின் வாடை ஏறியது. உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்ததும் எல்லோர் போனும் ஒன்றாக ஒலித்தது. மறைத்த குறிப்பு, ‘செயலாளரால் மறைக்கப்பட்டது’ என்ற வரியோடு எல்லோருக்கும் திறந்து கிடந்தது.

பூமிநாதன் தன் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஏலே, அவனுக்கு இதக் காட்டவே இல்லையா நீ?”

சகாயவினோத் அதை மூடப் பாய்ந்தான். திரை மாறியது.

‘நீங்கள் இப்போது விருந்தினர்.’

கீழே புதிதாக ஒரு குறிப்பு எழுந்தது. எழுதுபவர், யாக்கோபு. சகாயவினோத் அதைத் தொட்டான்.

‘இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

மற்றவர்கள் தங்கள் போனில் அந்தக் குறிப்பைப் படித்தார்கள். ஒவ்வொருவராகத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“என்ன எழுதியிருக்கு? எனக்கு என்ன ஆகப் போகுது? சொல்லுங்கய்யா.”

பிரெசில்லா மேஸ்திரியின் போனை வாங்கிக் கடைசிவரை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரவுக உங்ககிட்ட சொல்ல வேணாங்கிறாகண்ணே.”