அவர் நிறுத்திய பதினொன்று

மறைந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவரின் மகள், துப்பறிவாளரின் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். ஒன்று, டாக்டர்கள் சங்க இதழில் போன மாதம் பெயரில்லாமல் வந்த அவள் அப்பாவின் இரங்கல் குறிப்பு. மற்றது, அதற்கு மறுப்பு.

"இரங்கலுக்கு யாராவது மறுப்பு போடுவாங்களா சார்? 'வேலையைத் தட்டிக் கழித்தவரைப் புகழ்ந்தது தவறு'ன்னு எழுதியிருக்காங்க. இரங்கலை எழுதின ஆள் முன்னால வந்தா மறுப்பை நிறுத்தறேன்னு சங்கத் தலைவர் சொல்றார். இருபது வருஷம் அப்பாகூட ஒரே தியேட்டர்ல ஆபரேஷன் பண்ணினவர் அவர்! நாளைக்கு அச்சுக்குப் போகுது. அப்பா பேரே கெட்டுடும்."

துப்பறிவாளர் இரங்கல் குறிப்பைப் படித்தார். 'இவர் பங்கேற்ற அறுவைகளைப் பதிவேடு சொல்லும். இவர் நிறுத்திய அறுவைகள் பதினொன்று. தூக்கமில்லாத கையில் கத்தி வேண்டாம் என்பார். அந்தப் பதினோரு பேரும் பின்னர் நலமாக வீடு திரும்பினார்கள்.'

"அப்பா இதையெல்லாம் வீட்டுல சொல்லுவாரா?"

"ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க மாட்டார்."

மருந்துக்கடை வைத்திருக்கும் துப்பறிவாளரின் மைத்துனர் துள்ளினார். "அத்தான், இரங்கலை எழுதினது தியேட்டர்ல கூட இருந்த நர்ஸ்தான். சந்தேகமே இல்ல!"

"பொறு மச்சான். பதறாத காரியம் சிதறாது. முதல்ல அந்த இதழோட பழைய கட்டைக் கொண்டா."

மதியம் முழுக்க இருவரும் முப்பது வருட இரங்கல்களைப் படித்தார்கள். ஒருவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. இன்னொருவர் மகள் கல்யாணத்தன்றும் நான்கு அறுவை செய்தவர். "இந்த இதழ்ல செத்தவங்க யாருமே உயிரோட இருந்தப்ப தூங்கினதில்ல போலிருக்கே அத்தான்" என்றார் மைத்துனர். முக்கால்வாசி இரங்கல்களின் கீழே தலைவரின் பெயர் இருந்தது.

மாலையில் சங்க அலுவலகத்தில் மகளையும் தலைவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார் துப்பறிவாளர்.

"டாக்டர், உங்க ஆளுங்க செஞ்சதைத்தான் எண்ணுவாங்க. நிறுத்தினது எந்தப் பதிவேட்டுலயும் ஏறாது. நர்ஸுங்க ஷிஃப்ட் மாறுவாங்க. நோயாளிக்குத் தன்னோடது மட்டும்தான் தெரியும். வீட்டுல அவர் வாயே திறக்கல. பதினொண்ணுன்னு கணக்கு வச்சிருக்கணும்னா, பதினோரு தடவையும் கை கழுவி, கையுறை மாட்டி நின்னு, வெறுங்கையோட திரும்பியிருக்கணும். இரங்கலை எழுதினது உங்களைத் தவிர வேற யாரு? எழுதின ஆள் வரட்டும்னு சவால் விட்டீங்க. வரமாட்டார்னு உங்களுக்குத்தானே தெரியும்!"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இரங்கல் வந்ததும் சங்கமே கொதிச்சு, மறுப்பு போடச் சொல்லிச்சு. தூங்காம உழைக்கிறதுதான் பெருமைன்னு முப்பது வருஷமா எழுதினவனே நான். இரங்கலை எழுதினதும் நான்தான்னு எந்த முகத்தோட ஒத்துக்குவேன்? பயந்துட்டேன்."

"ஐயோ, அப்ப நர்ஸ் இல்லையா?" என்று முணுமுணுத்தார் மைத்துனர்.

மகள் தலைவர் பக்கம் திரும்பினாள். "இதை அப்பாகிட்ட ஒரு தடவையாவது சொன்னீங்களா?"

"இல்லம்மா. பதினோரு தடவையும் கோழைன்னு திட்டினேன்."

அவள் மறுப்பை எடுத்து நான்காகக் கிழித்தாள். இரங்கல் குறிப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப சொன்னதையும் சேர்த்து எழுதி, கீழே உங்க பேரைப் போடுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். அச்சகத்துக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னாள். நன்றி சொல்லவில்லை.