ஒச்சம்மாள் சொன்ன எடை

எலும்பு நாற்றங்கால் என்ற அந்த இயந்திரம் நான்கு கண்ணாடித் தொட்டிகளோடு ஒச்சம்மாளின் தலைமாட்டில் நின்றது. அவள் உடம்பின் நான்கு இடங்களிலிருந்து எடுத்த குருத்தணுக்கள் அவற்றில் இருந்தன: மஜ்ஜை, இடுப்புக் கொழுப்பு, கடைவாய்ப் பல்லின் கூழ், கீழ்க்கால் எலும்பைப் போர்த்திய சவ்வு. எது நல்ல எலும்பு கட்டுகிறதோ அதுதான் அவள் தொடைக்குள் போகும்.

சாரத்திலிருந்து விழுந்ததில் தொடையெலும்பு ஒரு விரல் நீளத்துக்குப் பொடியாகியிருந்தது. முப்பது வருடச் சித்தாள் வேலை போதும். நடக்க முடிந்தால் ஓசூரில் மகள் திலகா வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான்.

"தினமும் எத்தனை கிலோ சுமப்பீங்க?" என்று டாக்டர் ரெஜினா கேட்டார். அந்த எடையைத்தான் தொட்டிகளின் மேல் இயந்திரம் ஏற்றி இறக்கும். தாங்கியது பிழைக்கும்.

பக்கத்தில், கூட வேலை பார்க்கும் பவுனுத்தாய் இருந்தாள். கட்டடத்தில் எந்தச் சித்தாளும் தன் சுமையைக் குறைத்துச் சொல்லமாட்டாள். சொன்னால் மறுநாளே மேஸ்திரி மணல் சலிக்க உட்காரவைத்துவிடுவான்.

"நாப்பது," என்றாள் ஒச்சம்மாள்.

"ஏன்க்கா அதோட நிறுத்திட்ட? கலவை மிஷினையும் சேத்துச் சொல்லு."

"போடி. ஒன்னய மாதிரி அரைச்சட்டி தூக்குறவளா நானு?"

கொழுப்பின் அணுக்கள் வேகமாக வளர்ந்து சாக்கட்டிபோல உதிர்ந்தன. மஜ்ஜைக்கு வயதாகிவிட்டது, பாதியில் நின்றது. பல்கூழ் கெட்டியாகத்தான் கட்டியது. நாலாம் நாள் விரிசல் விட்டது. எலும்புச் சவ்வு மட்டும் நாற்பது கிலோவின் கீழ் நசுங்கி, கூடி, மறுபடி நசுங்கி, முன்பைவிடத் தடித்தது. இருநூறு பேருக்கு எலும்பு வளர்த்தவர் ரெஜினா. அன்று தொட்டியருகே அரைமணி நேரம் நின்றார்.

"இப்படி ஒண்ணை நான் பாத்ததில்லம்மா. இரும்பே அசந்துபோயிருக்கும்."

அதைத் தொடைக்குள் வைத்த பத்தாவது வாரம் ஒச்சம்மாள் கைத்தடியில்லாமல் நடந்தாள். நர்சுகள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஓசூரில் மூன்று மாதம் சோபாவில் உட்கார்ந்தாள். தொடை வலித்தது. திலகா மறுபடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தாள். எக்ஸ்ரே படத்தில், அந்தப் பிரமாதமான எலும்பு கரையான் அரித்த சட்டம்போலத் தெரிந்தது.

"சுமை நின்னதும் வேலை இல்லைன்னு நினைச்சு தன்னையே கரைச்சுக்குது," என்றார் ரெஜினா. "நாப்பது கிலோவிலயே பொறந்து வளர்ந்தது இது."

ஒச்சம்மாள் மகளைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் தூக்குனது இருவதுதான் தாயி. பவுனு பக்கத்துல இருந்தா, அதான்..."

"நான் நம்பலைன்னாலும் எலும்பு நம்பிருச்சே," என்றார் ரெஜினா.

"வேற ஒண்ணு வளத்து வைக்கக் கூடாதா?" என்றாள் திலகா.

"அந்தத் தொடையில இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது. நடக்கணும்னா இதைக் காப்பாத்தணும்."

டாக்டர் சீட்டு எழுதினார். திலகா இரண்டு முறை படித்துவிட்டு அம்மாவுக்கு வாய்விட்டுச் சொன்னாள்:

"நாப்பது கிலோ. தலைச்சுமை. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆயுசுக்கும்."