கேள்வி எண் ஏழு

ட்ரிங்... ட்ரிங்...

'திருட்டு ஏன் நிகழ்கிறது?' என்று பேராசிரியை வகுப்பை ஆரம்பித்த அதே நொடியில் அவன் செல்போன் அலறியது!

சமூகவியலும் குற்றவியலும் படிக்கிற இறுதியாண்டு மாணவன் அவன். அழைத்தது அக்கா.

"டேய்... வீட்ல திருடு போயிடுச்சுடா! என் நகை மொத்தமும் போச்சு!"

ஓடினான்.

வாசலில் தெருவே திரண்டிருந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள்.

"பீரோ பக்கத்துல கெடந்துச்சு. உன் கையெழுத்தா?"

வாங்கிப் பார்த்தான்.

அவனுடைய ஆய்வுப் படிவம்! 'திருட்டு குறித்த மக்களின் அச்சம்'... போன மாதம் இதே தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டி அவனே நிரப்பியது.

"ஆ... ஆமா சார்."

"கேள்வி ஏழு. 'உங்கள் வீட்டில் எந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்?' கேள்வி எட்டு. 'மாற்றுச் சாவியை எங்கே வைப்பீர்கள்?'" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஏன்டா, திருடனே கேக்கக் கூச்சப்படுவானேடா!"

"அந்த ரெண்டுக்குத்தான் சார் கூடுதல் மார்க் கெடைச்சுது..."

அக்கா வெடித்தாள். "பாவி! நம்ம வீட்டுக்கும் நீயே நிரப்பினியா?"

"ஆய்வுன்னா ஒரு வீடு விடக்கூடாதுக்கா..."

"இந்த வாரத்துல இது மூணாவது வீடு," என்றார் இன்ஸ்பெக்டர். "மூணுலயும் பூட்டு உடையல. சாவி போட்டுத் தெறந்திருக்கான்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் முன்னால் வந்தார். நரைத்த தலை. இஸ்திரி கலையாத சட்டை.

"இவன உள்ள தள்ளுங்க சார்! பால் வடியற மூஞ்சி... செய்யறது பூரா திருட்டு!"

மாணவன் பதறினான்.

"சார்! பதினாலாம் நம்பர் வீட்டுக்காரரப் புடிங்க! ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனவரு. எனக்குப் பதில் சொல்லாத ஒரே ஆளு. அப்படிப்பட்டவங்க மறுபடி திருடுவாங்கன்னு புத்தகத்துலயே இருக்கு சார்!"

கான்ஸ்டபிள் போய் அவரை அழைத்து வந்தார். துணி துவைத்த சோப்பு நுரை கையில் இன்னும் காயவில்லை.

"ஏன்யா இவனுக்குப் பதில் சொல்லல?"

"வீட்ல எப்ப ஆள் இருக்காதுன்னு கேட்டான். நானே அந்தத் தொழில்ல இருந்தவன் சார்... சொல்வேனா?"

கூட்டம் சிரித்தது. மாணவனின் காது சிவந்தது.

பதினாலாம் நம்பர்காரரின் பார்வை மெல்ல நகர்ந்து... செயலாளர் மேல் நின்றது.

"காலைல பத்தரைக்கு இந்த வீட்டுப் பின்பக்கமா பையோட போனீங்களே சார்... குசலம் விசாரிக்க வந்தீங்கன்னுல்ல நெனைச்சேன்?"

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை!

மாணவனுக்குப் பொறி தட்டியது.

"சார்... தெருவுல கேள்வி கேக்கணும்னா எல்லாப் படிவத்துக்கும் நகல் குடுன்னு சொன்னதே இவருதான். தெருப் பாதுகாப்புக்காம். நானே ஜெராக்ஸ் எடுத்து... வரிசையா நம்பர் போட்டு..."

"கிளிப் குத்திக் குடுத்தியாக்கும்?"

"ஆமா சார்."

அரைமணி நேரத்தில் செயலாளர் வீட்டுப் பரணிலிருந்து மூன்று வீட்டு நகைகளும் இறங்கின. மீதிப் படிவங்களும்தான். செயலாளர் ஜீப்பில் ஏறினார்.

மாணவன் பதினாலாம் நம்பர்காரரிடம் போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்கய்யா. புத்தகத்த நம்பி உங்கமேல பழி போட்டுட்டேன்."

"விடு தம்பி. பழகிடுச்சு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். "சாட்சின்னு கையெழுத்துப் போடு. உன்னையும் தூக்கிட்டுப் போகத்தான் ஆசை... மடத்தனத்துக்குச் சட்டத்துல பிரிவு இல்லையே!"

"நல்லவேளை சார்... இருந்திருந்தா எங்க டிபார்ட்மென்ட்டே உள்ள இருக்கும்!"