கற்றை நின்ற பிறகு

துகள் முடுக்கி நின்ற பிறகும் திரையில் ஒரு பதிவு விழுந்தது.

கால்சிய அணுக் கற்றையின் உறுமல் அடங்கியிருந்தது. சூடேறிய கம்பிகளின் வாசனையும் ஆறிப்போன தேநீரின் கசப்பும் கலந்த அந்த அறையில், ரிம்மா அதில் வந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதிய தனிமத்தின் அணு ஒன்று பிறந்த அறிகுறி தெரிந்தால் கற்றை தானாக நின்றுவிடும். நொடிப்பொழுது வாழ்ந்து, படிப்படியாக இலேசாகிச் சிதையும் அந்த அணுவை இரைச்சல் இல்லாமல் பதிவு செய்ய வேண்டும் அல்லவா? அந்தப் படிகள் அவளுக்கு மனப்பாடம். இன்று அவை கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"சாவா இலீச், இது தலைகீழா வருது."

மூத்த பொறியாளர் வெள்ளரி ஊறுகாயை மென்றபடி சிரித்தார். "கேபிள் தளர்ந்திருக்கும், பொண்ணே. போன வருஷம் நாம கண்டுபிடிச்ச தனிமம் எலி கடிச்ச ஒயருதானே, மறந்துட்டியா?"

"முடுக்கிக் கூடத்துக்குள்ள போகாதீங்க."

"போய்ப் பார்க்கலைன்னா மாஸ்கோலேருந்து வர்ற அதிகாரி சிரிப்பான்."

கூடத்துக்குள் போகிறவர் கதவின் ஒரே சாவியைத் தன்னோடு எடுத்துப்போக வேண்டும். அவர் உள்ளே இருக்கையில் யாரும் கற்றையை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. சாவா இலீச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். கான்கிரீட் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

அடுத்த படி. அதற்கடுத்தது. திரையில் பதிவு, அணு பிறந்த கட்டத்தைத் தாண்டி, அட்டவணையில் பெயரே இல்லாத இடங்களுக்கு ஏறியது. கனமாக. இன்னும் கனமாக.

உள்தொலைபேசி கரகரத்தது. "ரிம்மா... பூட்ஸ் தரையோட ஒட்டிக்குது."

"வெளிய வாங்க!"

"தோள்ல யாரோ மூட்டை ஏத்துற மாதிரி இருக்கு."

"சாவிய எடுங்க!"

"கை... மேல வர மாட்டேங்குது."

அவள் ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். அசையவில்லை. காவல் அறைக்கு அழைத்தாள்.

"சாவி யாருகிட்ட இருக்கு?" என்றது குரல்.

"உள்ள இருக்கிறவர்கிட்ட."

அவள் திரைக்குத் திரும்பினாள்.

கேமராவில் அவர் மண்டியிட்டிருந்தார். பிறகு படுத்திருந்தார். தரையில் அவரைச் சுற்றி விரிசல்கள்.

"கற்றைய நிறுத்தும்மா," என்றார், மூச்சோடு மூச்சாக.

அது நின்றுதான் இருந்தது. நிறுத்த எதுவுமே இல்லை.

அடுத்த படி.

சட்டை தரையோடு படிந்தது. முதுகு படிந்தது. கழற்றிப் போட்ட உடுப்பைப் போல, சிமெண்டின் மேல் அவர் தட்டையாகக் கிடந்தார். ஒரு கன்னம் தரையில். மேலே தெரிந்த ஒற்றைக் கண் கேமராவைப் பார்த்தது.

இமைத்தது.