பன்னிரண்டாவது மெழுகுதிரி

"ஐயோ... மாதாவே!"

எமிலியானாவின் அலறலில் துறைமுக நகரின் பழைய கால்சாப் பேட்டையில் அந்தச் சந்தே அதிர்ந்தது.

காலை எட்டு மணி. வீட்டு வேலைக்கு வந்தவள் கட்டிலில் கண்டது முதலாளி மிலோராட்டின் பிணம். கழுத்தில் திரைச்சீலைக் கயிறு!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் லோ வெர்தே சாதாரண உடையில் வந்தார். பிணத்தைப் பார்த்தார். எமிலியானாவைப் பார்த்தார். விசாரணை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். சோம்பேறி!

"கதவு பூட்டியிருந்தது எண்டு நீரே சொல்லுறீர். அவற்றை திறப்பைக் காணேல்லை. மற்றத் திறப்பு உம்மட்டை. நான் வேறை ஆரைப் பிடிக்க?"

"டொட்டோரே... ஐயா... நாலு வருசமாய் இஞ்சை வேலை செய்யிறன்..."

"பெர்மெசோ எப்ப முடியுது?"

"வாற மாசம்."

"கவலையை விடும். ஜெயிலிலை இருக்க பெர்மெசோ தேவையில்லை!"

பெர்மெசோ, அந்த வதிவிட அனுமதி, போனால் அவளுக்கு எல்லாமே போச்சு. மன்னாரில், சண்டைக்குள் கிடக்கும் இரண்டு பிள்ளைகளையும் இங்கே எடுக்க அந்தக் காகிதம் ஒன்றுதான் வழி.

"அவருக்கு எதிரி ஆரும் உண்டோ?"

"அவற்றை ஊர்க்காரன் ஒருத்தன். அங்கை பாருங்கோ."

கூடத்தில் ஒரு தாங்கியில் மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கீழ்த் தட்டில் எரிந்து முடிந்த பதினொரு மெழுகுதிரிகள்.

"அவையின்ரை வழக்கம், டொட்டோரே. மேல் தட்டு உயிரோடை இருக்கிறவைக்கு. கீழ்த் தட்டு செத்தவைக்கு."

க்ருஷ்கோவோ... மிலோராட்டின் ஊர், சேர்பியர்களின் சின்னஞ்சிறு கிராமம். ஐந்து வருடத்துக்கு முன், 93-இல், ஒரு விடியற்காலை எதிர்ப்படை புகுந்தது. பதினொரு பேர் செத்தார்கள்.

"காட்டுப் பாதையைக் காட்டிக்குடுத்தவன் ஊர்க்காரன்தானாம். இந்தக் கிழமை போர்க்குற்றக் கோர்ட்டுக்கு எழுதப்போறன் எண்டவர். பேர் மட்டும் எனக்குச் சொல்லேல்லை..."

'ட்ரிங்ங்ங்!'

வாசல் மணி!

இன்ஸ்பெக்டர் படுக்கையறைக் கதவைச் சாத்தினார். உதட்டில் விரலை வைத்தார். எமிலியானா வாசலைத் திறந்தாள்.

அறுபது வயது மனிதன். மழமழவென்று சவரம். கோட்டில் பதக்கம் வேறு!

"நான் ஸ்லாவ்கோ. இப்பதான் நேப்பிள்ஸ் கப்பலாலை இறங்கினனான். என்ரை சிநேகிதன் மிலோராட் எங்கை? கண்டு அஞ்சு வருசம்!"

"கடைக்குப் போட்டார். இருங்கோ."

"இவர் ஆர்?"

"குழாய் திருத்த வந்தவர்."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"க்ருஷ்கோவோ தியாகியள் சங்கத்துக்கு நான்தான் தலைவர்," என்றான் ஸ்லாவ்கோ. "வருசா வருசம் நினைவுத்தூணுக்கு முன்னாலை பேசுவன். சனம் விம்மி விம்மி அழும்!"

அவன் குரல் தழுதழுத்தது. கண் காய்ந்தே கிடந்தது. பிணத்தின் மேல் மேடை போடும் சாதி!

எமிலியானா ஒரு மெழுகுதிரியை நீட்டினாள்.

"சிஞ்ஞோர் மிலோராட்டின்ரை பேரிலை ஒண்டு கொளுத்துங்கோ. சந்தோசப்படுவார்."

மறுக்க முடியுமா? தலைவராயிற்றே! சிலுவை போட்டான். "மிலோராட்..." என்று முணுமுணுத்தான். கொளுத்திய திரியை மணலில் குத்தினான்.

கீழ்த் தட்டில்!

பழகிய கை. யோசிக்கவே இல்லை.

"சிஞ்ஞோர்..." என்றாள் எமிலியானா மெதுவாக. "கடைக்குப் போனவருக்கு ஏன் செத்தவையின்ரை தட்டிலை குத்தினனீங்கள்?"

ஸ்லாவ்கோவின் முகம் வெளிறியது. திரியைப் பிடுங்கக் கை நீட்டினான். அன்றைக்கு முதன்முறையாக இன்ஸ்பெக்டர் வேகமாக அசைந்தார். கையை முறுக்கிச் சட்டைப் பையைத் துழாவினார்.

ஒரு திறப்பு!

வாசல் பூட்டில் போட்டார். அழகாகத் திரும்பியது.

"ஏன் திரும்பி வந்தனீர்?"

"அவன் எழுதின கடிதம்... ராத்திரி தேடிக் கிடைக்கேல்லை... ஆரும் இல்லாட்டித் திறந்து பாக்கலாமெண்டு மணி அடிச்சனான்..." ஸ்லாவ்கோ குழறினான். "அது சண்டைக் காலம்! பிழைக்கிறதுக்கு ஆர்தான் ஒண்டும் செய்யேல்லை? எனக்குத் தந்தது வெறும் நாலு மாடு!"

"பதினொரு சனத்துக்கு நாலு மாடு! தூ!" எமிலியானா காறித் துப்பாத குறை. "எங்கடை ஊரிலையும் தலையாட்டியள் இருந்தவங்கள். சாக்காலை முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்குடுப்பாங்கள். அவங்களுக்கு முகத்தை மூடுற வெக்கமாவது இருந்தது. நீர் பதக்கம் குத்திக்கொண்டு திரியிறீர்!"

விலங்கு பூட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் அசட்டுச் சிரிப்புடன் அவளிடம் திரும்பினார்.

"உம்மடை பெர்மெசோ விசயமாய் குவெஸ்துராவிலை, எங்கடை பொலிஸ் தலைமையகத்திலை, நானே கதைக்கிறன்."

"கதையுங்கோ. மறந்தால் நானே வந்து ஞாபகப்படுத்துவன்."

படியில் இறங்கிய ஸ்லாவ்கோ திமிறினான். "ஒரு மெழுகுதிரிக்காக என்னை ஜெயிலிலை போடுறதோ?"

எமிலியானா மாடிப்படியில் எட்டிப் பார்த்தாள்.

"ஜெயிலிலை ரெண்டு தட்டுக் கட்டிலாம், தலைவர்! மேல் தட்டைக் கேட்டு வாங்கும்... கீழ்த் தட்டு உமக்குச் சரிவாறேல்லை!"